குளிர்கடல் பஞ்சுகளில் வைரஸ் எதிர்ப்புப் பொருள் தேடுவது எப்படி: மதுரையிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் விலங்கியலோ வேதியியலோ உயிர்தொழில்நுட்பமோ முதுநிலையில் படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும்போது, கடற்பஞ்சிலிருந்து வைரஸ் எதிர்ப்பு மருந்து தேட வேண்டும் என்று சொல்பவர்கள் ஆண்டுக்கு ஓரிருவராவது இருக்கிறார்கள். அண்டார்க்டிகா, நியூசிலாந்து, கனடா ஆகிய பகுதிகளின் குளிர்கடல் பஞ்சுகளைப் பற்றிப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஆர்வம் இன்னும் அதிகம். வைகையில் தண்ணீர் வந்தாலே செய்தியாகிவிடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உறைகடல் உயிரினத்தை ஆராய்வதா என்று அவர்களே கேட்டுச் சிரித்துக்கொள்வதும் உண்டு. ஆராயலாம். ஆனால் இத்துறையில் பெரும்பாலோர் எந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கடற்பஞ்சில் நஞ்சைக் கண்டுபிடிப்பது எளிது. வைரஸைத் தடுத்துவிட்டு, அது புகுந்த செல்லைப் பிழைக்க விடுகிற பொருளைக் கண்டுபிடிப்பதுதான் அரிது. கீழே வரும் படிகள் அனைத்தும் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கான ஏற்பாடுகளே.

முன்கதையைச் சரியாகப் படிப்பது

பள்ளிப் பாடநூல்கள் துளையுடலிகள் என்று அழைக்கும் இவ்விலங்குத் தொகுதியில் 9,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. இடம்விட்டு நகர முடியாமல், ஓடும் ஒளியும் வழியும் இல்லாமல், நாள் முழுவதும் கடல்நீரை உடலுக்குள் இழுத்து வடிகட்டி உண்ணும் உயிரினம் இது. தன்னைத் தின்ன வருவனவற்றையும் தன்மேல் படர வருவனவற்றையும் அது வேதிப்பொருளைக் கொண்டுதான் எதிர்கொள்கிறது. அப்பொருள்களில் கணிசமானவற்றைப் பஞ்சு தானே உண்டாக்குவதில்லை. அதன் திசுவுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. சில இனங்களில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நுண்ணுயிர்களே இருக்கக்கூடும்.

இத்துறையின் தொடக்கம் வெப்பக் கடலில்தான் நிகழ்ந்தது. வெர்னர் பெர்க்மனும் ராபர்ட் ஃபீனியும் 1950-51 ஆண்டுகளில், இன்று டெக்டிதெத்யா கிரிப்டா எனப்படும் கரீபியப் பஞ்சிலிருந்து ஸ்பாஞ்சோதைமிடின் முதலான நியூக்ளியோசைடுகளை (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் கட்டுமானத் துண்டுகள் போன்றவற்றை) பிரித்தார்கள். வழக்கமான ரைபோஸ் சர்க்கரைக்குப் பதிலாக அரபினோஸ் சர்க்கரை அவற்றில் இருந்தது. அந்தச் சிறு மாற்றத்தைப் பார்த்து வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கியவற்றுள் சைட்டரபின் 1969இல் இரத்தப் புற்றுநோய்க்கும், விடரபின் 1976இல் ஹெர்பிஸ் நோய்க்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. விடரபின் பஞ்சிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட மருந்து என்று எழுதுவது தவறு. பஞ்சு அதற்கு முன்மாதிரி மட்டுமே தந்தது. ஆய்வு முன்மொழிவில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதும் மாணவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

குளிர்கடல் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. தின்பவை குறைவான இடத்தில் வேதிப் பாதுகாப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்று கருதினார்கள். ஜேம்ஸ் மெக்ளின்டாக், பில் பேக்கர் முதலியோர் அண்டார்க்டிகாவில் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் தளர்த்தின, மைனஸ் 1.8 டிகிரி வரை குளிரும் நீரில், மீன்களுக்குப் பதிலாக நட்சத்திர மீன்களும் ஓடில்லா நத்தைகளும் பஞ்சைத் தின்கின்றன, பஞ்சும் அதற்கேற்ப எதிர்க்கிறது. கிர்க்பாட்ரிக்கியா வேரியோலோசா என்ற அண்டார்க்டிகப் பஞ்சிலிருந்து 1994இல் விவரிக்கப்பட்ட வேரியோலின் பி, புற்றுநோய்ச் செல்களையும் சில வைரஸ்களையும் ஒருங்கே தடுத்தது. 2023இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 350க்கும் மேற்பட்ட இயற்கைப் பொருள்களைக் கோவிட் நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 வைரஸுக்கு எதிராகச் சோதித்தது. மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்த மூன்றில் ஒன்றான அலோட்டாகீட்டல் சி, அந்த மாநிலத்தின் ஹோ சவுண்ட் கடற்பகுதிப் பஞ்சிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் கடல் பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை.

ஒரு பொருளை மட்டும் தனியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ துறைமுகத்தில் எடுத்த மைக்கேல் (Mycale) பேரினப் பஞ்சிலிருந்து 1988இல் கிடைத்த மைக்கலமைடு ஏ வைரஸ்களை வலுவாகத் தடுத்தது. பின்னர் பார்த்தால், செல்லின் புரத உற்பத்தியையே அது நிறுத்துகிறது. வைரஸ் தனக்கென்று புரதம் செய்யும் எந்திரம் இல்லாதது. வீட்டுக்காரனின் அடுப்பை அணைத்தால் விருந்தாளிக்கும் சோறு இல்லை. இப்படிப்பட்ட பொருள் ஆய்வகத் தட்டில் மிக அழகான முடிவைக் காட்டும்.

மாதிரி எங்கிருந்து வரும்

அண்டார்க்டிகா செல்லும் கனவோடு முதலாண்டைக் கழிக்க வேண்டாம். இந்தியாவுக்கு அங்கே மைத்ரி, பாரதி என்ற இரு நிலையங்களும், ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையமும் உள்ளன. இவற்றைக் கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அண்டார்க்டிகாவில் உயிரினம் சேகரிக்க 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறையும் நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு அண்டார்க்டிகச் சட்டமும் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. புதியவருக்கு நடைமுறைக்கு உகந்த வழி, ஏற்கெனவே சேகரித்து உறைய வைத்திருக்கும் மாதிரியையோ சாற்றையோ கூட்டாய்வின் பேரில் கேட்டுப் பெறுவதுதான். குளிர்நீர் என்றால் துருவம் மட்டுமே என்று நினைக்கவும் தேவையில்லை. நம் கடல்களிலேயே ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கீழே நீர் 10 டிகிரிக்கும் குறைவான குளிரில் கிடக்கிறது. ஆழ்கடல் ஆய்வுக் கப்பல்கள் அங்கிருந்து மாதிரிகளை எடுத்து வருகின்றன.

கைப்பழக்கத்துக்கு மன்னார் வளைகுடாவே போதும். அங்கு நீர் வெதுவெதுப்பானது, ஆகவே அந்தப் பஞ்சுகளைக் கொண்டு குளிர்கடலைப் பற்றி எந்த முடிவும் சொல்ல முடியாது. ஆனால் வெட்டுவது, உறைய வைப்பது, பெயர் அறிவது, சாறு எடுப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஆர்தர் டெண்டி 1880களிலேயே இவ்வளைகுடாவின் பஞ்சுகளை விவரித்து எழுதினார். பின்னர் இராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில் பி.ஏ. தாமஸ் விரிவாக ஆராய்ந்தார். எனவே ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விவரிப்புகள் இருக்கின்றன. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. வலையில் மீனோடு ஏறி, கரையில் கழித்துப் போடப்படும் பஞ்சுதானே என்று எடுத்து வருவோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பவளம், கடலட்டை, கடற்குதிரை எனப் பல கடலுயிர்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வெளிநாட்டுக் கூட்டாய்வோ காப்புரிமையோ பின்னால் வரக்கூடும் என்றால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே அணுக வேண்டியிருக்கும். இந்தக் காகித வேலைக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

எடுப்பதும் எடுத்து வருவதும்

முழுப் பஞ்சையும் பிடுங்க வேண்டாம். கைவிரல் அளவு துண்டு போதும். அடியோடு விட்டுவைத்தால் பெரும்பாலான பஞ்சுகள் மீண்டும் வளரும், குளிர்கடலில் அது மிக மெதுவாக நடக்கும் என்பதால் அங்கே இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். வெட்டும் முன் நீருக்குள் படம் எடுக்க வேண்டும், ஏனெனில் காற்றில் வந்த சில நிமிடங்களில் நிறமும் வடிவமும் மாறிவிடும். துண்டை மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் சாற்றுக்காக உறைய வைத்து, ஒன்றை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் மரபணுவுக்காக இட்டு, மூன்றாவதை அடையாளச் சான்றாக ஓர் அருங்காட்சியகத்துக்கோ நிறுவனச் சேகரிப்புக்கோ ஒதுக்க வேண்டும்.

சீட்டு எழுதுவதைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். மார்க்கர் பேனாவால் குப்பிகளின் மேல் எண்ணிட்டு, மண்டபத்திலிருந்து பேருந்தில் கொண்டுவந்தேன். ஒரு குப்பியின் மூடி கசிந்து எத்தனால் எல்லாவற்றின்மேலும் பரவியிருந்தது. மாட்டுத்தாவணியில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது பதினோரு குப்பிகள் பெயரற்று இருந்தன. அன்றுமுதல் பென்சிலால் எழுதிய தடித்த காகிதச் சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுகிறேன். பென்சில் எழுத்தை எத்தனால் கரைக்காது.

பெட்டிக்கு அலைய வேண்டியதில்லை. மல்லிகையை விமானத்தில் அனுப்பும் பூ வியாபாரிகள் பயன்படுத்துகிற தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் மன்னார் வளைகுடா மாதிரிக்குப் போதும். குளிர்கடல் மாதிரி மைனஸ் 80 டிகிரியில் உறைந்து, உலர் பனிக்கட்டியில் வரும்; அது வழியில் உருகினால் உள்ளிருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு, நாம் தேடும் பொருளையே சிதைக்கத் தொடங்கும். ஆகவே மதுரையின் மே மாதத்தில் அத்தகைய பார்சலை வரவழைக்காதீர்கள். ஆய்வகத்தின் உறைபெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் திறக்கும்போது நாணயம் பனிக்கட்டியின் அடியில் கிடந்தால், இடையில் மின்சாரம் நெடுநேரம் போயிருக்கிறது என்று பொருள். எந்தப் பதிவேடும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பெயரறிதல்

பஞ்சை நிறத்தைக் கொண்டு அடையாளம் காண முடியாது. அதன் உடலுக்குள் இருக்கும் நுண்முட்களே அதற்குக் கையெழுத்து. அரிசியளவு துண்டைச் சலவைத் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இட்டால் சதை கரைந்து நுண்முட்கள் மட்டும் அடியில் தங்கும். நீரால் பலமுறையும் எத்தனாலால் ஒரு முறையும் அலசி, கண்ணாடித் தகட்டில் உலர்த்தி, ஒவ்வொரு வகை முள்ளிலும் குறைந்தது முப்பதை அளந்து எழுதுங்கள். மரபணுவில் இனங்களைப் பிரித்தறிய உதவும் சி.ஓ.ஐ., 28எஸ் பகுதிகளையும் பார்க்கலாம். இணையத்திலுள்ள உலகத் துளையுடலித் தரவுத்தளத்தில் இனப்பெயரின் இன்றைய நிலையைச் சரிபார்க்காமல் எழுதினால், அரை நூற்றாண்டுக்கு முன் மாற்றப்பட்ட பெயரை உங்கள் கட்டுரை சுமந்துகொண்டிருக்கும்.

சாறெடுத்தல்

உறைந்த துண்டை உறைநிலை உலர்த்தியில் ஈரம் நீக்கி, பொடித்து, எடை பார்த்துக்கொள்ள வேண்டும். பொடியை மெத்தனாலும் டைகுளோரோமீத்தேனும் சம அளவில் கலந்த கரைப்பானில் ஒரு நாள் ஊற வைத்து வடிகட்டி, அதையே மும்முறை செய்து, வடித்தவற்றை ஒன்று சேர்த்துச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரிக்கு மேற்படாமல் வற்ற வைக்க வேண்டும். மதுரையில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கை சுடும் அளவுக்கு இருப்பதால், அதைக் குளிர்விப்பானில் ஓடவிட்டால் ஆவி குளிராமல் கரைப்பான் பம்புக்குள் போய்விடும். வாளியில் ஐஸ் இட்டு, சிறு மோட்டாரால் அந்த நீரைச் சுற்றவிடுங்கள், அல்லது விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள்.

வற்றிய பின் குடுவையில் வெண்ணிறப் படிகங்கள் மின்னினால் மகிழ வேண்டாம், அது கடலுப்பு. உப்பு மிகுந்த சாற்றைச் செல்லின்மேல் ஊற்றினால் செல் சுருங்கிச் சாகும், அதை மருந்தின் செயலென்று எழுதியவர்களும் உண்டு. சாற்றை நீரில் கரைத்து, முதலில் ஹெக்சேனும் அடுத்து எத்தில் அசிட்டேட்டும் பின்பு பியூட்டனாலும் கொண்டு குலுக்கிப் பிரித்தால், உப்பு பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு கூறையும் எடை பார்த்து, டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்துச் சிறு சிறு குப்பிகளில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சோதனையின்போது செல்லின்மேல் விழும் டி.எம்.எஸ்.ஓ. 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

செல்லா, வைரஸா

வைரஸைத் தொடும் முன்பே செல்லின்மேல் சோதிக்க வேண்டும். இதுவே இத்துறையின் நடு முதுகெலும்பு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ செல்வகை தொடங்குவதற்கு ஏற்றது. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து இதை வாங்கலாம். 96 குழிகள் கொண்ட தட்டில் குழிக்குச் சுமார் 10,000 செல்களை விட்டு, ஒரு நாள் கழித்து, சாற்றை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து இடுங்கள். 72 மணி நேரம் சென்றபின், எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்தால் உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். 570 நானோமீட்டரில் அளந்து, பாதிச் செல்களைக் கொல்லும் அளவைக் கணக்கிட வேண்டும், இதற்கு சி.சி.50 என்று பெயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடற்பஞ்சுகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஹைட்ரோகுயினோன் வகைப் பொருள்கள் செல்லே இல்லாமலும் எம்.டி.டி.யை ஊதாவாக்கும், அதனால் செத்த செல் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். செல் இல்லாத சில குழிகளில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் இட்டுப் பாருங்கள். நுண்ணோக்கியில் கண்ணால் பார்ப்பதையும் விட வேண்டாம்.

அடுத்தது வைரஸ். உயிரியப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகமும் நிறுவனத்தின் உயிரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் இருந்தால் ஹெர்பிஸ் வைரஸ் வகை 1இல் தொடங்கலாம். உயிருள்ள சார்ஸ்-கோவ்-2க்கு நிலை 3 வேண்டும், அது முதல் வேலைக்கு உரியதல்ல. அந்த வசதி கிடைக்கும்வரை, ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 பேஜ் வைரஸைக் கொண்டு தேமல் (வைரஸ் அழித்த இடத்தில் தெரியும் புள்ளி) எண்ணும் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கலாம். பேஜைத் தடுக்கும் சாறு மனித வைரஸையும் தடுக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது கைக்குப் பயிற்சி, சான்று அல்ல. கணினியில் ஒரு பொருளை வைரஸ் புரதத்தோடு பொருத்திப் பார்த்து, அதையே கண்டுபிடிப்பாக எழுதும் வழக்கத்தைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான்.

செல் விரிப்பின்மேல் குழிக்கு ஐம்பது முதல் நூறு தேமல் உண்டாகும் அளவில் வைரஸை இட்டு, ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, சாறு கலந்த மெத்தில் செல்லுலோஸ் கூழால் மூடி, இரண்டு மூன்று நாள் கழித்துப் படிக ஊதாச் சாயம் ஏற்றினால், வைரஸ் அழித்த இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் அளவே இ.சி.50. ஒப்பீட்டுக்கு ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிர் வைக்க வேண்டும். சி.சி.50ஐ இ.சி.50ஆல் வகுத்தால் வருவது தேர்வுக் குறியீடு. ஒரு சாறு 40 மைக்ரோகிராமில் வைரஸைத் தடுத்து 80 மைக்ரோகிராமில் செல்லைக் கொன்றால் குறியீடு 2. அது நஞ்சு, ஒதுக்கிவிடலாம். 4இல் தடுத்து 80இல் கொன்றால் 20, மேலே செல்லலாம். 10க்குக் குறைந்தவற்றைத் துரத்த வேண்டாம் என்பது வழக்கமான எல்லை. செல்லைக் கொல்லாமல் அதன் வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் மைக்கலமைடு போன்றவை இந்தக் கணக்கிலும் தப்பிவிடக்கூடும், ஆதலால் செல் பெருகும் வேகத்தையும் தனியே பாருங்கள். எல்லாக் குழிகளும் மும்மூன்றாக, முழுச் சோதனையும் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை நடக்க வேண்டும்.

தடுக்கிறது என்று உறுதியான பின், எப்போது தடுக்கிறது என்று பார்ப்பது அழகான சோதனை. 4 டிகிரியில் வைரஸ் செல்லின்மேல் ஒட்டும், உள்ளே நுழையாது. 37 டிகிரிக்கு உயர்த்தினால்தான் நுழையும். ஒட்டும்போது மட்டும், நுழையும்போது மட்டும், நுழைந்த பிறகு மட்டும் என மூன்று வேளைகளில் சாற்றை இட்டுப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் வேலை நடக்கிறது என்பது புலப்படும். ஒட்டுவதை மட்டும் தடுக்கும் சாறுகளில் பல, சல்பேட் ஏறிய சர்க்கரைத் தொடர்களின் செயலாகவே முடிவதுண்டு. அவை மருந்தாவது கடினம்.

ஏற்கெனவே தெரிந்ததா

பொருளைத் தூய்மைப்படுத்த ஓராண்டு செலவிடும் முன் ஒரு நாள் செலவிட்டுத் திரவ வண்ணப்பிரிகை (பொருள்களைப் பிரிப்பது), நிறைமாலை (மூலக்கூறுகளின் எடையை அளப்பது) ஆகியவற்றின் தரவைப் பெற்று, ஜி.என்.பி.எஸ். தளத்தில் ஏற்றிப் பாருங்கள். தெரிந்த பொருள்களோடு உங்கள் சாற்றின் மூலக்கூறுகள் எங்கே கூடுகின்றன என்பதை அது வலைப்படமாகக் காட்டும். நிறைமாலையில் 149, 391 என்ற எண்கள் பளிச்சென்று நின்றால், நீங்கள் கண்டுபிடித்தது பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கரைந்த தாலேட்டாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. இதனால்தான் வெறும் கரைப்பானையும் ஒரு மாதிரியாகப் பாவித்து முதல் படியிலிருந்து கடைசிவரை கூடவே நடத்திச் செல்ல வேண்டும்.

புதிதெனத் தோன்றினால், எச்.பி.எல்.சி. என்ற உயர்திறன் திரவ வண்ணப்பிரிகைக் கருவியில் பிரித்து, ஒவ்வொரு கூறையும் மீண்டும் செல்லிலும் வைரஸிலும் சோதித்து, செயல் எங்கே போகிறதோ அதன் பின்னால் போக வேண்டும். பிரிக்கப் பிரிக்கச் செயல் மறைந்துபோவதும் உண்டு. இரு பொருள்கள் சேர்ந்து செய்த வேலையாகவோ, ஒரு பொருள் சிதைந்ததாகவோ இருக்கலாம். அமைப்பறிய அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு மாலைக்கு ஓரிரு மில்லிகிராமாவது வேண்டும். உள்ளூரில் கருவி இல்லையென்றால் பெரிய நிறுவனங்களின் பொதுக் கருவி மையங்களுக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம்.

அளவைப் பற்றிய கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நியூசிலாந்தின் ஆழ்நீரில் வாழும் லிசோடெண்டோரிக்ஸ் பஞ்சை ஒரு டன் அள்ளியபோது கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி சுமார் 300 மில்லிகிராம். அந்த மூலக்கூறின் ஒரு பாதியை முன்மாதிரியாகக் கொண்டு, முழுக்க ஆய்வகத்தில் தொகுத்த எரிபுலின்தான் 2010இல் புற்றுநோய் மருந்தாக வந்தது. பஞ்சை அள்ளிக்கொண்டே இருந்து யாரும் மருந்து செய்யவில்லை. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் உலர்ந்த பஞ்சின் எடை, சாற்றின் எடை, செயலுள்ள கூறின் எடை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைத்து, நூறு கிராம் பஞ்சுக்கு எத்தனை மில்லிகிராம் பொருள் என்பதை வேதியியல் துறையில் தொகுப்பு வேலை செய்யும் ஒருவரிடம் முதலாண்டு முடிவதற்குள் காட்டிவிடுங்கள். பஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவைத் தனியே வளர்த்துப் பார்க்கலாமா, மூலக்கூறைச் சுருக்கித் தொகுக்கலாமா என்ற பேச்சை அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும்.